குழந்தைகளின் உணவு ஒவ்வாமை: பெற்றோர் அறிய வேண்டியதும் பிறரிடம் சொல்ல வேண்டியதும்

குழந்தைக்கு ஓர் உணவு சேரவில்லை என்று வீட்டில் சொல்லும்போது, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல சங்கதிகளை அது குறிக்கக்கூடும். பால் குடித்தால் வயிறு உப்பி வயிற்றுப்போக்கு ஏற்படுவது, பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி போதாததால் இருக்கலாம். கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு வாந்தி எடுப்பது, உணவு கெட்டுப்போனதால் இருக்கலாம். தக்காளியோ அன்னாசியோ தின்ற குழந்தைக்கு வாயைச் சுற்றிச் சிவப்பது, புளிப்பு பட்ட எரிச்சலாக மட்டுமே இருக்கலாம். இவை எவையும் ஒவ்வாமை அல்ல. உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் உணவிலுள்ள ஒரு புரதத்தைப் பகையாகக் கருதி அதன்மீது பாய்வதே ஒவ்வாமை. மற்றவை தொல்லை தருவதோடு நின்றுவிடும். இதுவோ, அரிதாகத்தான் என்றாலும், உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும்.

சில குழந்தைகளின் உடல், முட்டையிலோ வேர்க்கடலையிலோ உள்ள ஒரு புரதத்தைச் சந்தித்தவுடன் அதற்கெனத் தனியாக ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளை உருவாக்கி வைத்துக்கொள்கிறது. அது தோல், மூச்சுக்குழாய், குடல் ஆகிய இடங்களில் உள்ள மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை அதே புரதம் உள்ளே வந்ததும் அந்தச் செல்கள் ஹிஸ்டமின் முதலான வேதிப்பொருட்களை ஒரே நேரத்தில் வெளியே கொட்டிவிடுகின்றன. தோலில் கொட்டினால் தடிப்பும் அரிப்பும் வரும். குடலில் கொட்டினால் வாந்தியும் வயிற்றுவலியும் வரும். மூச்சுக்குழாயில் கொட்டினால் இளைப்பு வரும். இரத்தக்குழாய்கள் ஒருசேரத் தளர்ந்துவிட்டால் இரத்த அழுத்தம் சரிந்து குழந்தை துவண்டுபோகும். உடலின் பல பகுதிகளை இப்படி விரைந்து தாக்கும் தீவிர நிலைக்கு அனஃபிலாக்சிஸ் என்று பெயர். பிரான்சைச் சேர்ந்த சார்லஸ் ரிஷே, போல் போர்ட்டியே ஆகிய இருவரும் 1902 இல் கடல் அனிமோனின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தபோது, முதல் முறை தாங்கிக்கொண்ட நாய்கள் சில வாரங்கள் கழித்து மிகச் சிறிய அளவிலேயே நிமிடங்களில் இறந்ததைக் கண்டு இந்தப் பெயரை உருவாக்கினார்கள். ரிஷேவுக்கு 1913 இல் நோபல் பரிசு கிடைத்தது. ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் அடையாளம் காணப்படுவதற்கு 1960களின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

"போன வாரம் சாப்பிட்டானே, அப்போது ஒன்றும் ஆகவில்லையே" என்று பெற்றோர் குழம்புவதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. முதல் சந்திப்பில் உடல் தயாராகிறது, அடுத்ததில் தாக்குகிறது. வாழ்நாளில் முதல்முறையாக முட்டையை வாயில் வைத்த குழந்தைக்கே தடிப்பு வருவதும் உண்டு. அந்தக் குழந்தையின் உடல் முட்டையை வேறு வழியில், பெரும்பாலும் தோல் வழியாக, முன்பே சந்தித்திருக்கிறது. கரப்பான் (எக்ஸிமா) என்ற தோல் நோயால் வெடித்துக் கிடக்கும் தோலில் வீட்டுத் தூசியோடு கலந்திருக்கும் உணவுத்துகள் படுகிறது. சமைத்த கையால் குழந்தையைத் தொடுகிறோம். தோல் வழியாக நுழையும் புரதம் ஒவ்வாமையை வளர்க்கும், வாய் வழியாக நுழையும் புரதம் பழக்கத்தை வளர்க்கும் என்பது இன்று பெரும்பாலான ஒவ்வாமை மருத்துவர்கள் ஏற்கும் கருத்து. கைக்குழந்தைப் பருவத்திலேயே கடுமையான கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு உணவு ஒவ்வாமை அதிகம் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இத்தகைய குழந்தைகளைக் கடலை மாவு, பயத்தம் மாவு என்று தேய்த்துக் குளிப்பாட்டும் வழக்கத்தைத் தோல் ஆறும் வரையிலாவது நிறுத்திவைப்பது நல்லது.

பரிசோதனைத் தாள் சொல்வதும் சொல்லாததும்

பெற்றோர் அதிகம் ஏமாறும் இடம் இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இரத்தத்தில் ஒரு உணவுக்கான ஐஜிஇ இருக்கிறது என்பதும், அந்த உணவைத் தின்றால் குழந்தைக்கு ஒவ்வாமை வரும் என்பதும் ஒன்றல்ல. கர்நாடகத்தில் 20 முதல் 54 வயது வரையிலான பெரியவர்களிடம் நடத்தி 2016 இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஏதோ ஓர் உணவுக்கான ஐஜிஇ இரத்தத்தில் இருந்தது. ஆனால் உணவு ஒவ்வாமை இருக்கக்கூடும் என்று கொள்ளத்தக்கவர்கள் சுமார் 1.2 சதவீதம் பேர் மட்டுமே. அதாவது, எந்த அறிகுறியும் இல்லாதவர்களைப் பிடித்து இரத்தத்தைச் சோதித்தால் அவர்களில் பலர் நோயாளிகளாகிவிடுவார்கள்.

அப்படியிருக்க, நூறு உணவுகளுக்கும் மேல் ஒரே குழாய் இரத்தத்தில் பார்த்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் தொகுப்புப் பரிசோதனைகளைச் செய்துகொண்டு, தாளில் சிவப்பு நிறத்தில் வந்த அரிசி, பருப்பு, பால், கத்தரிக்காய் அனைத்தையும் நிறுத்திவிடும் குடும்பங்கள் உண்டு. குழந்தையின் எடை குறையும். அறிகுறி அப்படியே இருக்கும். ஐஜிஜி என்ற வேறோர் எதிர்ப்பொருளைப் பார்க்கும் பரிசோதனைகள் இன்னும் பயனற்றவை. ஓர் உணவைச் சாப்பிட்டு வருகிறோம் என்பதற்கு அந்த எதிர்ப்பொருள் சான்றாகலாமே தவிர, ஒவ்வாமைக்கு அது சான்றாகாது.

நோயை உறுதிசெய்ய நிபுணர்கள் முதலில் நம்புவது பெற்றோர் சொல்லும் விவரத்தைத்தான். அந்த விவரத்தில் சந்தேகத்துக்குரிய உணவு எதுவோ அதற்கு மட்டும் தோலில் துளிவிட்டுக் கீறிப் பார்க்கும் சோதனையோ இரத்தச் சோதனையோ செய்வார்கள். இரண்டும் ஒத்துவந்தால் முடிவுக்கு வரலாம். ஒத்துவராவிட்டால், மருத்துவமனையில் வைத்து அந்த உணவைச் சிறுகச் சிறுகக் கொடுத்துப் பார்ப்பதே இறுதிச் சோதனை. அதை வீட்டில் செய்து பார்க்கவே கூடாது.

ஆகவே எப்படிச் சொல்கிறோம் என்பது முக்கியமாகிறது. "டாக்டர், இவனுக்கு முட்டையே ஆகாது, ரெண்டு மூணு தடவை பார்த்தாச்சு" என்று சொன்னால் மருத்துவரால் எதையும் கணிக்க முடியாது. இதையே ஒரு தாய் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "காலைல எட்டரை மணிக்கு ஆம்லெட்ல ஒரு சின்னத் துண்டு குடுத்தேன் டாக்டர், கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். பத்து நிமிஷத்துல வாயோரம் தடிச்சுது, அப்புறம் வயித்துலயும் முதுகுலயும் கொசு கடிச்ச மாதிரி பொரிப்பொரியா வந்துச்சு. ஒரு தடவை வாந்தி எடுத்தான். இளைப்பு இல்ல. சாயங்காலம் எல்லாம் மறைஞ்சுடுச்சு. இதுக்கு முன்னாடி கேக் சாப்பிட்டிருக்கான், ஒண்ணும் ஆகல." இந்தச் சில வாக்கியங்களில் உணவு, சமைத்த விதம், அளவு, இடைவெளி, அறிகுறிகள் வந்த வரிசை, மறைந்த நேரம் என எல்லாமே இருக்கின்றன. கேக் பற்றிய கடைசி வரி மருத்துவருக்குத் தங்கம் போன்றது. மாவோடு கலந்து நெடுநேரம் வெந்த முட்டையின் புரதம் உருமாறிவிடுவதால், முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் கேக்கில் உள்ள முட்டையைத் தாங்கிக்கொள்வார்கள்; அப்படித் தாங்குபவர்களுக்கு ஒவ்வாமை விரைவில் மறையும் வாய்ப்பும் அதிகம்.

தடிப்பு வந்தால் தொலைபேசியில் உடனே படமெடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவரைப் பார்க்கும் நேரத்தில் அது மறைந்திருக்கும். உணவு பொட்டலத்தில் வந்ததாக இருந்தால் உறையைத் தூக்கி எறிய வேண்டாம். பொதுவாக இந்த வகை ஒவ்வாமை சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வெளிப்பட்டுவிடும். முந்தாநாள் தின்ற மீனால் இன்று தடிப்பு வந்தது என்பது பெரும்பாலும் சரியான ஊகமாக இருக்காது. குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வரும் தடிப்புகளில் பெரும் பங்கு வைரஸ் தொற்றால் வருவது. அன்று தின்ற உணவு அதில் வீணாகப் பழியேற்கிறது.

நம் சமையலறையில் ஒளிந்திருப்பவை

உலகெங்கும் குழந்தைகளுக்கு ஒவ்வாமை தரும் உணவுகளில் முன்னிற்பவை பால், முட்டை, வேர்க்கடலை, முந்திரி, பாதாம் போன்ற கொட்டை வகைகள், கோதுமை, சோயா, மீன், இறால், நண்டு, எள் ஆகியவை. இந்தியக் குழந்தைகளிடம் உணவு ஒவ்வாமை மேற்கு நாடுகளைவிடக் குறைவு என்றே இதுவரையிலான ஆய்வுகள் காட்டுகின்றன. அதனாலேயே இங்கே பள்ளிகளுக்கும் உணவகங்களுக்கும் ஒவ்வாமையைக் கருதி உணவு தரும் பழக்கம் இல்லை. நூறு வீடுகளில் ஒரு வீட்டுக்கு மட்டும் வரும் சிக்கலை அந்த ஒரு வீடு தனியாகச் சுமக்க வேண்டியிருக்கிறது.

தவிர்ப்பது என்று முடிவான பிறகு, அந்த உணவு நம் சமையலில் எங்கெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் கலக்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். முந்திரியை எடுத்துக்கொண்டால், பொங்கலிலும் கேசரியிலும் இருப்பது கண்ணுக்குத் தெரியும். குருமாவிலும் பனீர் மசாலாவிலும் அரைத்து ஊற்றியது தெரியாது. பந்தியில் சமையல்காரரிடம் "முந்திரி இருக்கா அண்ணே?" என்று கேட்டால், முழுப்பருப்பை மனத்தில் வைத்து அவர் இல்லை என்றுதான் சொல்வார். "குருமாவுக்கு என்னென்ன அரைச்சு விட்டீங்க அண்ணே?" என்று கேட்டால்தான் சரியான பதில் வரும். கடலை ஒவ்வாமை என்று மட்டும் சொல்வதும் போதாது. நிலக்கடலையா, கடலைப்பருப்பா, பொட்டுக்கடலையா என்பது கேட்பவரின் ஊரையும் நேரத்தையும் பொறுத்து மாறும். வேர்க்கடலை, கடலை மிட்டாயில போடுவாங்களே அது என்று விளக்கமாகச் சொல்லிவிடுவதே பாதுகாப்பு.

எண்ணெயில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒவ்வாமை தருவது புரதமே, கொழுப்பு அன்று. ஆலையில் நன்றாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் ஏறக்குறைய நீங்கிவிடுகிறது. மரச்செக்கில் ஆட்டிய எண்ணெயில் அது தங்கிவிடும். உடலுக்கு நல்லது என்று நாம் தேடி வாங்கும் செக்கெண்ணெய், இந்தக் குழந்தைகளுக்கு மட்டும் உகந்ததல்ல. எள் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு நல்லெண்ணெயும் அப்படியே. இட்லிப் பொடி, புளியோதரை, ஊறுகாய் என அது புகாத இடமில்லை. பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்குப் பசும்பாலுக்குப் பதில் எருமைப்பாலோ ஆட்டுப்பாலோ கொடுப்பது பயன்படாது. புரதங்கள் ஒன்றுபோல இருப்பதால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஆட்டுப்பாலும் ஒத்துக்கொள்ளாது. நெய்யில்கூடப் பால் புரதத்தின் சிறு எச்சம் இருக்கலாம். முட்டை தோசை வார்த்த கல்லில் அடுத்த தோசையை ஊற்றுவதும், மீன் வறுத்த எண்ணெயில் அப்பளம் பொரிப்பதும் ஹோட்டல்களில் அன்றாடம் நடப்பவை.

பொட்டல உணவுகளில் நிலைமை சற்று மேல். இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020 இல் வெளியிட்ட லேபிள் விதிகளின்படி, குளூட்டன் என்ற புரதம் உள்ள கோதுமை போன்ற தானியங்கள், இறால் நண்டு வகைகள், பால், முட்டை, மீன், வேர்க்கடலையும் கொட்டை வகைகளும், சோயா, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட சல்ஃபைட் என்ற பதப்படுத்தும் பொருள் ஆகியவை இருந்தால் அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். ஒரு பிஸ்கட் பொட்டலத்தைப் புரட்டிப் பாருங்கள். மூலப்பொருள் பட்டியலின் கீழே, விரல் நுனியால் மறைத்துவிடக்கூடிய ஒரே வரியில், 'கன்டெயின்ஸ் வீட், மில்க், சோயா' என்றிருக்கும். அதையொட்டி 'மே கன்டெயின் நட்ஸ்' என்றும் இருக்கலாம். முதலாவது, உள்ளே இருக்கிறது என்பது. இரண்டாவது, அதே ஆலையில் கையாளப்படுவதால் கலந்திருக்கக்கூடும் என்பது. எள்ளும் கடுகும் கொண்டைக்கடலையும் இந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை என்பதால், அவற்றுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் மூலப்பொருள் பட்டியல் முழுவதையும் படித்தாக வேண்டும். அமெரிக்காவில் 2023 முதல் எள்ளும் கட்டாயப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. இங்கே லேபிள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் சட்டப்படி போதும். தமிழ் மட்டுமே படிக்கும் பாட்டியிடம் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் வீடுகளில், வாங்கி வைக்கும் ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் தமிழில் எழுதி ஒட்டிவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. முன்பு வாங்கியதுதானே என்று விட்டுவிடவும் கூடாது. உற்பத்தியாளர்கள் சேர்மானத்தை மாற்றுவதுண்டு.

அவசரம் எது, அப்போது என்ன செய்வது

வாயைச் சுற்றி நாலு தடிப்பு மட்டும் வந்து குழந்தை விளையாடிக்கொண்டிருந்தால், மருத்துவர் எழுதிக்கொடுத்த செட்ரிசின் போன்ற மருந்தைக் கொடுத்துக் கண்காணிக்கலாம். தடிப்போடு இளைப்பு, விடாத இருமல், குரல் கம்முதல், திரும்பத் திரும்ப வாந்தி, வெளிறிப்போதல், துவளுதல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் அது அனஃபிலாக்சிஸ். ஒவ்வாமை உள்ளது என்று தெரிந்த உணவைச் சாப்பிட்ட பிறகு மூச்சுத்திணறல் மட்டும் வந்தாலும், தோலில் எதுவுமே தெரியாவிட்டாலும், அனஃபிலாக்சிஸ் என்றே கொள்ள வேண்டும். கைக்குழந்தையால் சொல்லத் தெரியாது. திடீரென்று அழுகையின் குரல் மாறுவதும், வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து தூங்கிவிழுவதும்தான் அதன் மொழி.

இதற்கு மருந்து ஒன்றே ஒன்றுதான்: அட்ரினலின். தளர்ந்த இரத்தக்குழாய்களை இறுக்கி, சுருங்கிய மூச்சுக்குழாயை விரித்து, மாஸ்ட் செல்கள் மேலும் கொட்டுவதையும் அது தடுக்கிறது. செட்ரிசின், அவில் முதலியவை அரிப்பைத் தணிக்குமே தவிர அடைபடும் மூச்சுக்குழாயைத் திறக்கா. ஸ்டீராய்டு ஊசி வேலை செய்யவே சில மணி நேரம் ஆகும். சிறிய கிளினிக்குகளில் இவ்விரண்டையும் போட்டுவிட்டு அட்ரினலினுக்குத் தயங்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது என்பதால், "டாக்டர், இது அனஃபிலாக்சிஸ் மாதிரி இருக்கு, அட்ரினலின் வேணுமா பாருங்க" என்று பெற்றோர் தயங்காமல் சொல்வதில் தவறில்லை. தொடையின் வெளிப்புறத் தசையில், குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற அளவில் அது போடப்படுகிறது. குழந்தைகளிடம் செய்த ஓர் ஆய்வில், தொடைத் தசையில் போட்ட மருந்து சுமார் 8 நிமிடங்களில் இரத்தத்தில் உச்ச அளவை எட்டியது. தோலுக்கடியில் போட்டபோது அதற்கு அரை மணிக்கு மேல் ஆனது.

மேற்கு நாடுகளில் இந்த மருந்து பேனா வடிவில், அழுத்தினால் தானே குத்திக்கொள்ளும் கருவியாகக் கிடைக்கிறது. இந்தியாவில் அந்தப் பேனா எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் விலை அதிகம். ஆனால் ஒரு மில்லிலிட்டரில் 1 மில்லிகிராம் உள்ள ஆம்பூல் என்ற சிறு கண்ணாடிக் குப்பி மிக மலிவானது. ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு மருத்துவரே அளவைக் கணக்கிட்டு எழுதிக்கொடுத்து, ஆம்பூலை உடைத்து ஊசியில் எடுத்துப் போடும் முறையை நேரில் பழக்கிவிடுவதுண்டு. இதை உங்கள் மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். ஊசி போட்டதும் 108 ஐ அழைக்க வேண்டும். குழந்தையைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். மூச்சுத்திணறல் இருந்தால் உட்காரவைக்கலாம், வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்கலாம். எழுந்து நிற்கவோ நடக்கவோ விடக் கூடாது. சரிந்த இரத்த அழுத்தத்தோடு திடீரென எழுந்ததால் உயிரிழந்தவர்கள் உண்டு. ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் இரண்டாவது ஊசி தேவைப்படலாம். தேறிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போய்ச் சில மணி நேரம் இருக்க வேண்டும், ஏனெனில் அறிகுறிகள் அடங்கிய பின் மீண்டும் தலைகாட்டுவதுண்டு. தேவையில்லாமல் ஒரு முறை போட்டுவிட்டால் சற்று நேரம் படபடப்பும் நடுக்கமும் இருக்கும், அவ்வளவுதான். தேவைப்பட்டபோது போடாமல் தாமதிப்பதே உயிருக்கு ஆபத்து.

வீட்டாரிடமும் பள்ளியிலும்

ஒவ்வாமை உள்ள குழந்தையின் பெற்றோர் அதிகம் களைத்துப்போவது இந்தப் பேச்சுகளில்தான். "எங்க காலத்துல இதெல்லாம் ஏது? கொஞ்சம் கொஞ்சமா குடுத்தாத்தானே பழகும்" என்று மாமியார் சொல்லும்போது மருமகள் அதை அறியாமை என்று ஒதுக்கிவிடுகிறார். அந்தப் பேச்சில் ஓரளவு உண்மை இருக்கிறது என்பதுதான் சுவையான விஷயம்.

வேர்க்கடலையை மூன்று வயது வரை தள்ளிப்போடுங்கள் என்று 2000 இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு, ஒவ்வாமை வரும் வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு அறிவுரை சொன்னது, ஒவ்வாமை குறையவில்லை, 2008 இல் அந்த அறிவுரை கைவிடப்பட்டது. அதே ஆண்டில் லண்டனைச் சேர்ந்த ஒவ்வாமை ஆய்வாளர் கிடியன் லாக் குழுவினர், பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளிடம் வேர்க்கடலை ஒவ்வாமை இஸ்ரேலில் வாழும் யூதக் குழந்தைகளைவிடச் சுமார் பத்து மடங்கு அதிகம் என்று கண்டார்கள். இஸ்ரேலில் பல் முளைக்கும் பருவத்திலேயே பம்பா என்ற வேர்க்கடலைத் தின்பண்டத்தைக் குழந்தைகள் சுவைத்துவிடுகிறார்கள். தொடர்ந்து, கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 கைக்குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஐந்து வயது வரை வேர்க்கடலை கொடுத்தும் மறு பிரிவுக்குத் தவிர்த்தும் அவர்கள் பார்த்த முடிவுகள் 2015 இல் வெளியாயின: சாப்பிட்ட பிரிவில் ஒவ்வாமை ஏறத்தாழ 80 சதவீதம் குறைந்திருந்தது. ஆகவே ஆறு மாதம் முடிந்து திட உணவு தொடங்கும்போது முட்டையையும் வேர்க்கடலையையும் காரணமின்றித் தள்ளிப்போட வேண்டாம் என்பதே இன்றைய அறிவுரை. வேர்க்கடலையை நன்றாக அரைத்துக் கூழில் கரைத்துக் கொடுக்க வேண்டும். முழுக்கடலை தொண்டையில் சிக்கும். கடும் கரப்பான் உள்ள குழந்தைக்கு மட்டும் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாமியாரின் அந்தச் சொல் பிழையாவது, ஒவ்வாமை வந்துவிட்ட பிறகு. அப்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கும் சிகிச்சை உண்டு. வேர்க்கடலைக்கான அத்தகைய மருந்து ஒன்றுக்கு 2020 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் அது மில்லிகிராம் கணக்கில், மருத்துவர் கண்ணெதிரில் தொடங்கி, மாதக்கணக்கில் நடப்பது. ஆகவே மருமகள் இப்படிச் சொல்லலாம்: "நீங்க சொல்றது சரிதான் அத்தை, டாக்டரும் பழக்கலாம்னுதான் சொல்றார். ஆனா எந்த அளவுல தொடங்கணும்னு அவர்தான் பார்க்கணும். நம்ம ஒரு ஸ்பூன் குடுத்து மூச்சு அடைச்சுட்டா ஆஸ்பத்திரி போற வரைக்கும் தாங்காது." பெரியவர்களை எதிரிகளாக்காமல் காவலர்களாக்குவதே சாமர்த்தியம். தடிப்பு வந்த அன்று எடுத்த படத்தைக் காட்டுவது எந்த விளக்கத்தையும்விடச் சீக்கிரம் புரியவைக்கும். கோயில் பிரசாதத்தை மறுப்பது சங்கடமாக இருந்தால், கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குழந்தைக்குத் தராமல் பெரியவர்களே சாப்பிட்டுவிடலாம். யார் மனமும் நோகாது.

பள்ளியில் வாய்வார்த்தை போதாது. குழந்தையின் படம், தவிர்க்க வேண்டிய உணவுகள், அறிகுறிகள், செய்ய வேண்டியவை, பெற்றோர் எண்கள் என ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி, மருத்துவர் கையெழுத்தோடு வகுப்பாசிரியரிடமும் அலுவலகத்திலும் கொடுக்க வேண்டும். சத்துணவு சாப்பிடும் குழந்தையென்றால் அமைப்பாளரிடமும் சமையலரிடமும் நேரில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அங்கே முட்டை அன்றாட உணவு. பிறந்தநாள் சாக்லேட்டுகள்தாம் பெரிய கண்ணி. வகுப்பில் கொடுத்துவைக்க ஒரு சிறு டப்பாவில் பாதுகாப்பான மிட்டாய்களைத் தந்துவிட்டால், "நீ மட்டும் சாப்பிடாதே" என்று மிஸ் சொல்ல வேண்டிய நிலை வராது. சானிடைசர் வேர்க்கடலைப் புரதத்தை அகற்றாது. சோப்புப் போட்டுக் கை கழுவினால்தான் போகும் என்பதையும் ஆசிரியரிடம் சொல்லிவையுங்கள். பக்கத்தில் ஒரு குழந்தை கடலை மிட்டாய் தின்பதாலேயே ஆபத்து வந்துவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பயத்தில் குழந்தையைத் தனியே உட்காரவைத்துவிடுவார்கள்.

குழந்தையிடம்

மூன்று வயதுக் குழந்தைக்குப் புரதமும் எதிர்ப்பொருளும் தேவையில்லை. "இது உன் வயித்துக்குச் சேராது, யார் எது குடுத்தாலும் அம்மாகிட்ட கேட்டுட்டுச் சாப்பிடு" என்பது போதும். சாவு பற்றிய பேச்சை அந்த வயதில் எடுக்க வேண்டாம். குழந்தைகள் அறிகுறியைப் பெரியவர்கள் போலச் சொல்லமாட்டார்கள். "நாக்கு காரமா இருக்கு", "தொண்டையில முடி மாட்டிக்கிச்சு", "வாய்க்குள்ள எறும்பு ஊருது" என்பார்கள். சிலர் ஒன்றும் சொல்லாமல் நாக்கைச் சுரண்டுவார்கள். இவற்றைக் கேட்ட ஆசிரியர் "தண்ணி குடி" என்று அனுப்பிவிடாதிருக்க, பள்ளிக்குத் தரும் தாளில் இந்த வாக்கியங்களையும் எழுதிவிடுவது நல்லது.

எட்டு, ஒன்பது வயதில் லேபிளைப் படிக்கவும் கடைக்காரரிடம் தானே கேட்கவும் பழக்கலாம். பதின்பருவத்தில் நிலைமை திரும்பிவிடும். மருந்தைக் கையில் எடுத்துப்போக வெட்கம், நண்பர்கள் முன் கேள்வி கேட்கத் தயக்கம். கடுமையான விளைவுகள் அதிகம் நேர்வது இந்த வயதினரிடம்தான். அப்போது தடை போடுவதைவிட, நண்பர்களில் ஒருவரையாவது விவரம் தெரிந்தவராக்கும்படி பிள்ளையை இணங்கவைப்பது பயன் தரும்.

பால், முட்டை ஒவ்வாமை பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர மறைந்துவிடும். வேர்க்கடலை ஒவ்வாமை ஐந்தில் ஒருவருக்கே மறைகிறது. கொட்டை, மீன், இறால் ஒவ்வாமைகள் பெரும்பாலும் நிலைக்கின்றன. ஆகவே ஒருமுறை எழுதிய தடை வாழ்நாள் தடையாகிவிடாமல், ஆண்டுக்கு ஒருமுறையாவது மருத்துவரிடம் மீண்டும் பார்க்க வேண்டும். ஒவ்வாமையைக் காரணம் காட்டித் தடுப்பூசியை மறுக்கவும் வேண்டாம்; முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைகளும் தட்டம்மை தடுப்பூசியைப் பாதுகாப்பாகப் போட்டுக்கொள்ளலாம். மருத்துவமனையில் கொடுத்துப் பார்த்த சோதனையில் குழந்தை தேறிவிட்டால், அந்த உணவை அதன் பிறகு வாரத்தில் சில முறை வீட்டில் கொடுத்துவர வேண்டும். பல ஆண்டுப் பயத்தால் தேறிய பின்னும் தவிர்த்தே வரும் வீடுகளில், மறைந்த வேர்க்கடலை ஒவ்வாமை சிலருக்குத் திரும்பியிருக்கிறது.